மூக்கைச் சிவப்பாக்கினால் பனிமான் ஆகிவிடுமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் சின்ன வகுப்புகளின் ஓவியத் தாள்களில் ஒரு விலங்கு வந்து நின்றுவிடும். உடலுக்கு ஒரு நீள்வட்டம், தலைக்கு ஒரு வட்டம், உச்சியில் கிளைத்த இரண்டு குச்சிகள், முகத்தின் நடுவே உருண்டையாக ஒரு சிவப்பு மூக்கு. ஐந்தாறு படிகளில் ரெயின்டீர் தயார். இப்படிப் படிப்படியாக வரையக் காட்டும் பாடங்கள் புத்தகங்களிலும் கைப்பேசிக் காணொளிகளிலும் கொட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு அவை பிடிக்கின்றன. கை பழகவும் ஓரளவு உதவுகின்றன. ஆனால் அந்தப் பாடத்தில் விலங்கு இல்லை. அது எங்கே நடக்கிறது, குளிரை எப்படித் தாங்குகிறது, தலையில் இருப்பது எதற்கு என்ற எதையும் தெரிந்துகொள்ளாமலே படத்தை முடித்துவிடலாம். ஒரு விலங்கை வரையக் கற்பிப்பது அதை அறியக் கற்பிப்பதாக இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பனி என்பதையே கண்டறியாத ஆம்பூர் போன்ற தோல் தொழில் ஊரில் அதை மிக நன்றாகச் செய்ய முடியும் என்பது அதன் இரண்டாம் பாதி.

முதலில் விலங்கைப் பார்ப்போம். ரெயின்டீரைத் தமிழில் பனிமான் என்றும் துருவமான் என்றும் எழுதுகிறார்கள். இங்கே பனிமான் என்றே வைத்துக்கொள்ளலாம். ஸ்காண்டிநேவியாவின் வடபகுதி, சைபீரியா, மங்கோலியாவின் வடகோடி, கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா ஆகியவை அதன் இருப்பிடம். வட அமெரிக்காவில் அதற்குக் காரிபு என்று பெயர். அதன் மயிர் உள்ளே காற்றறைகள் கொண்டது. அதனால் குளிர் உடலுக்குள் இறங்குவதில்லை. ஆற்றைக் கடக்கும்போது உடல் எளிதாக மிதக்கிறது. குளிர்காலத்தில் அதன் முக்கிய உணவு லைக்கன். நம் மளிகைக் கடையில் மசாலாவுக்கு விற்கும் கல்பாசியும் லைக்கன் வகைதான் என்பதால், எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இந்த உணவைக் கையில் எடுத்துக் காட்டிவிடலாம். பனிமானின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் கோடையில் பொன்னிறமாகவும், இருள் சூழ்ந்த குளிர்காலத்தில் நீலமாகவும் மாறுவதை 2013இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கண்ணுக்கு என்ன வண்ணம் தீட்டுவது என்று கேட்கும் பிள்ளையிடம் “எந்தப் பருவம்?” என்று திருப்பிக் கேட்கலாம். வண்ணப் பென்சிலை எடுக்கும் முன்பே பாடம் தொடங்கிவிடும்.

கொம்பு இதைவிட வளமான பாடம். மான் இனங்களில் பெண்ணுக்கும் வழக்கமாகக் கொம்பு வளர்வது பனிமானில் மட்டும்தான். ஆணின் கொம்பு இணைசேரும் பருவம் முடிந்தபின் குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்துவிடும். சினைப்பட்ட பெண்ணோ வசந்தத்தில் குட்டி ஈனும் காலம்வரை கொம்போடு இருக்கும். பனியைத் தோண்டிக் கண்டுபிடித்த மேய்ச்சல் குழியை மற்ற மான்கள் பறித்துவிடாமல் காக்க அது உதவுகிறது. ஆகவே கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை டிசம்பர் இறுதியில் கொம்போடு இழுப்பவை பெரும்பாலும் பெண்களாக இருக்க வேண்டும். காயடித்த ஆண்களாகவும் இருக்கலாம். மேய்ப்பர்கள் வண்டியில் பூட்டுவது பெரும்பாலும் அவற்றைத்தான், அவற்றின் கொம்பும் தாமதமாகவே விழும். இந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு வரையச் சொன்னால் கொம்பு வெறும் அலங்காரமாக நிற்காது. அதற்குக் காலம், பால், பசி என்ற மூன்று காரணங்கள் கிடைத்துவிடும்.

சிவப்பு மூக்கின் வரலாறு மிகக் குறுகியது. தாத்தாவின் வண்டியில் எட்டு பனிமான்களைப் பூட்டிய ஆங்கிலக் கவிதை அமெரிக்காவில் 1823இல் அச்சானது. ஒன்பதாவதான சிவப்பு மூக்கு ருடால்ஃப், சிகாகோவின் மான்ட்கோமரி வார்ட் என்ற வணிக நிறுவனம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த கதைப் புத்தகத்துக்காக அங்கே பணிபுரிந்த ராபர்ட் மே 1939இல் உருவாக்கிய பாத்திரம். உண்மையான பனிமானின் மூக்கில் மயிர் மூடியிருக்கும். வழுவழுப்பான உருண்டை அதற்குக் கிடையாது. அதற்காகச் சிவப்பை முழுக் கற்பனை என்று தள்ளவும் முடியாது. நெதர்லாந்து, நார்வே ஆய்வாளர்கள் 2012இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, பனிமானின் மூக்குச் சவ்வில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் அடர்த்தி மனிதருக்கு இருப்பதைவிட 25 விழுக்காடு அதிகம் என்று காட்டியது. உறைகுளிரில் மூக்கைக் காக்கும் ஏற்பாடு அது. கதையையும் விலங்கையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைக்கு இரண்டும் கிடைக்கும். கதையின் சுவை குறைந்துபோகாது.

பார்க்காத விலங்கைப் படத்தைப் பார்த்தே வரைவதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். அதற்கு வரலாற்றில் புகழ்பெற்ற சாட்சி ஒன்று உண்டு. அதுவும் இந்திய விலங்கு பற்றியது. குஜராத் சுல்தான் போர்த்துகீசியருக்குப் பரிசாகக் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று கோவாவிலிருந்து கப்பலேறி 1515இல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியில் இருந்த ஆல்பிரெக்ட் டியூரர் அதைப் பார்க்கவே இல்லை. வேறொருவர் எழுதிய வருணனையையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்து மரச்செதுக்குப் படம் செய்தார். தோல் மடிப்புகள் இரும்புக் கவசமாயின. தோளின்மேல் இல்லாத கொம்பு ஒன்று முளைத்தது. டியூரரின் கைத்திறன் அபாரம் என்பதாலேயே பிழையும் நிலைத்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய இயற்கை நூல்கள் அந்தக் கொம்பையும் சேர்த்தே நகலெடுத்தன. நகலை நகலெடுப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் முதல் பிழையைத் திருத்த முடியாது; திருத்துவதற்கான அறிவு விலங்கிடம்தான் இருக்கிறது. இன்றைய பிள்ளை காணொளியைப் பார்த்து வரையும் பனிமானும் இந்த வரிசையில் வருவதுதான்.

அப்படியானால் பனிமானை நேரில் பார்க்க வாய்ப்பில்லாத ஆம்பூர்ப் பிள்ளை என்ன செய்வது? தெருவில் நிற்கும் வெள்ளாட்டிலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளாடும் பனிமானும் பிளவுபட்ட குளம்புள்ள, அசைபோடும் விலங்குகள். இரண்டுக்கும் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. ஆட்டை நாள்தோறும் பார்க்கிறோம் என்பதும் பாதி உண்மைதான். அதன் கண்மணி படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். ஆனால் ஆடு வரையச் சொன்னால் பெரியவர்களே வட்டக் கண்மணிதான் போடுவார்கள். வெள்ளாட்டின் வால் மேல்நோக்கி நிற்கும், செம்மறியின் வால் கீழே தொங்கும் என்பதும் பலருக்கு வரைய உட்காரும்போதுதான் தோன்றும். ஆட்டின் கொம்பு எலும்பின்மேல் நகப்பொருளால் ஆன உறை. கிளைக்காது, ஆண்டுதோறும் விழாது. மானின் கொம்பு முழுக்க எலும்பு. வளரும்போது மென்தோல் போர்த்தியிருக்கும், கிளைக்கும், விழும், மறுபடி முளைக்கும். சேலம் பக்கத்து மேச்சேரிச் செம்மறிக்குப் பொதுவாகக் கொம்பே கிடையாது. இவற்றை அடுத்தடுத்து வரைந்து பார்த்த பிள்ளைக்கு விலங்கியலின் ஓர் அத்தியாயம் கைவழியே வந்து சேர்ந்திருக்கும். மான் வேண்டுமென்றால் வேலூருக்கு அருகே ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள அமிர்தி உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாம். புள்ளிமானைப் பார்த்து வரையலாம்.

ஆம்பூருக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு வளமும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றையொட்டி நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில், விலங்கின் உடலைத் தோலிலிருந்தே படிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பதனிட்ட தோலில் மயிர்க்கால்கள் அமைந்த விதத்தைப் பார்த்தே இது வெள்ளாடு, இது செம்மறி, இது மாடு என்று சொல்லிவிடுவார்கள். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் நிற்பவருக்கு முதுகுப் பகுதி இறுக்கம், வயிற்றுப் பகுதி தளர்ச்சி, எந்தத் திசையில் இழுத்தால் தோல் நீளும் என்பதெல்லாம் அத்துப்படி. ஷூவின் மேற்புறத்தில் கண்ணில் படும் துண்டை எங்கிருந்து வெட்ட வேண்டும், மறைவான துண்டை எங்கிருந்து வெட்டலாம் என்று அவர் முடிவு செய்வது விலங்கின் உடற்கூற்றை வைத்துத்தான். ஆனால் இந்த அறிவு பள்ளி வாசலைத் தாண்டுவதில்லை. தோல் என்றால் கழிவுநீர், அதுபற்றி 1996இல் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஏற்றுமதி என்ற மூன்று செய்திகளோடு நம் பொதுப் பேச்சு நின்றுவிடுகிறது. பாலாற்றுக்கு நேர்ந்த கேட்டைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். அந்த ஊரின் கைகளில் இருக்கும் விலங்கறிவும் அவர்களுக்குச் சேர வேண்டிய சொத்துதான்.

இங்கேதான் பனிமான் ஆம்பூருக்கு உறவாகிறது. ஸ்காண்டிநேவியாவின் வடக்கிலும் ரஷ்யாவின் வடமேற்கிலும் வாழும் சாமி மக்கள் பனிமான் மேய்ப்பவர்கள். அதன் தோலில் காலணி செய்பவர்கள். குளிர்காலக் காலணிக்குப் பனிமானின் கால் தோலை மயிரோடு பயன்படுத்துவார்கள். அடிப்பகுதியில் துண்டுகளை மயிர் எதிரெதிர்த் திசையில் நிற்கும்படி வைத்துத் தைப்பதால் பனியில் வழுக்காது. உள்ளே சாக்ஸுக்குப் பதில் பக்குவப்படுத்திய உலர்ந்த கோரைப்புல்லைத் திணித்துக்கொள்வார்கள். அவர்கள் தோல் பதனிடுவதும் மரப்பட்டையில்தான். வில்லோ, பிர்ச் மரங்களின் பட்டை அங்கே உதவுகிறது. குரோமியம் வருவதற்கு முன் நம் வட்டாரத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த அதே வேலை. ஷூ செய்யும் ஊரின் பிள்ளைக்குப் பனிமானை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

இப்போது வரைவதற்கு வருவோம். ஆட்டை வரைந்து பழகிய பிள்ளைக்கு, பனிமானின் நல்ல ஒளிப்படம் ஒன்றை முன்னால் வைத்து, ஆட்டிலிருந்து எங்கெங்கே மாறுகிறது என்று கேட்டபடி வரையச் சொல்ல வேண்டும். உடல் பீப்பாயாகப் பருத்திருக்கும். தலையை நிமிர்த்தாமல் தோளின் மட்டத்துக்கே நீட்டியபடி நடக்கும். கழுத்தின் அடியில் நீண்ட மயிர் தொங்கும். மூக்குப்பகுதி அகன்று மழுங்கியிருக்கும். வெப்பம் வீணாகாமல் இருக்கக் காதும் வாலும் சிறியவை. அடுத்து கால். ஆட்டின் குளம்பு பாறை விளிம்பில் நிற்க ஏற்றபடி குறுகியது. பனிமானின் குளம்புகள் பிறைபோல் அகன்று விரிந்தவை. பின்னால் இருக்கும் இரு சிறு குளம்புகளும் தரையைத் தொட்டு, பனியில் கால் புதையாமல் எடையைத் தாங்கும். அதே குளம்புதான் பனியைத் தோண்டி லைக்கனை எடுக்கும் கருவியும். கொம்பு கடைசியில். தண்டு முதலில் பின்னோக்கிச் சாய்ந்து பிறகு முன்னோக்கி வளையும். நெற்றியருகே கிளம்பும் ஒரு கிளை முகத்தின்மேல் தட்டையாக நீளும். இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்காது. ஆகவே ஒரு பக்கம் வரைந்துவிட்டு அதையே மறுபக்கம் திருப்பிப்போடும் பழக்கம் இங்கே செல்லாது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காரணம் இருப்பதைப் பிள்ளை இதில் உணரும்.

குளம்பை வரைந்த பிள்ளைக்கு உலகச் செய்தி ஒன்றும் புரியும். பனிமேல் மழை பெய்து உறைந்தால் மேலே கட்டிப் பனி படரும். குளம்பால் அதை உடைக்க முடியாது. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் இப்படி நேர்ந்தபோது சுமார் 61,000 பனிமான்கள் பட்டினியால் மாண்டன. பருவநிலை மாற்றம் என்ற பெரிய சொல்லைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்க, தான் வரைந்த ஒரு குளம்பு போதும்.

வரைவது அறிவை நிலைநிறுத்தும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சோதனைகளில், சொற்களை எழுதியவர்களைவிட அவை குறிக்கும் பொருளை வரைந்தவர்கள் அதிகமான சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். படம் அழகாக இருந்ததா என்பது அதற்குப் பொருட்டாக இல்லை. விலங்கைப் பார்த்தறிந்து படைப்பதற்கு நம் மண்ணிலும் முன்னோடிகள் உண்டு. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது பசு கன்றை நக்குகிறது. வாய்பாட்டை நகலெடுத்தவர் கையில் இவை வராது. விலங்கின் அருகில் நின்று பார்த்தவரால்தான் முடியும். நம் காலத்தில் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு விலங்குகளைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியதோடு, தன் கட்டுரைகளுக்குப் படங்களையும் தானே வரைந்தார். யானையையும் வெளிமானையும் கவனித்த அதே அக்கறையோடு ஊர்க்குருவியையும் வீட்டு ஆட்டையும் கவனித்தவர் அவர். எழுத்தும் கோடும் அவரிடம் ஒரே பார்வையின் இரு வெளிப்பாடுகளாக இருந்தன.

எதிர்வாதங்களைப் பார்ப்போம். விளையாட்டாக வரைவதில் பாடத்தைத் திணித்தால் பிள்ளையின் மகிழ்ச்சி போய்விடும் என்பது முதல் வாதம். உடற்கூற்றுத் தேர்வு வைத்து மதிப்பெண் போட்டால் போகத்தான் செய்யும். ஆனால் நடக்கும்போது காலில் கிளிக் கிளிக் என்று ஒலி வரும் மான், நிறம் மாறும் கண், ஆண்டுதோறும் விழும் கொம்பு ஆகியவற்றைக் கேட்டுச் சலித்துக்கொள்ளும் பிள்ளை அரிது. மகிழ்ச்சியைக் கெடுப்பது மாதிரிப் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்ற கண்டிப்புதான். விலங்கைப் பார்த்து வரையும்போது முப்பது பிள்ளைகளிடமிருந்து முப்பது வேறு வேறு படங்கள் வரும். அங்கே தோற்றவர் என்று யாரும் இல்லை.

அந்நிய விலங்கு எதற்கு, புள்ளிமானையும் வெளிமானையும் வரைந்தால் போதாதா என்பது இரண்டாவது. நம் விலங்கில் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. அங்கேயே நிற்க வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியாது. அயல்நாட்டார் கால்களுக்கு ஷூ தைத்து அனுப்பும் ஊர் இது. உள்ளூர் விலங்கு பார்க்கக் கற்றுத் தரும். தொலைதூர விலங்கு ஒப்பிடக் கற்றுத் தரும். அறிவியலுக்கு இரண்டும் வேண்டும். மூன்றாவது வாதம் மென்மையாகக் கையாள வேண்டியது. உயிருள்ளவற்றை உருவமாக வரைவதில் சமய நம்பிக்கை காரணமாகத் தயங்கும் குடும்பங்கள் இருக்கலாம். அவர்களின் பிள்ளைகளை வற்புறுத்தத் தேவையில்லை. குளம்பின் தடம், விழுந்த கொம்பின் கிளைகள், லைக்கனின் வடிவம், தோலின் நுண்ணமைப்பு ஆகியவற்றை வரைந்தாலும் கற்பது குறையாது.

யார் கற்பிப்பது என்பதுதான் கடினமான கேள்வி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் மட்டுமே கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். கை ஓவியத்தில் இயல்பாகத் திளைக்கும் ஐந்தாம் வகுப்புவரை ஓவிய ஆசிரியரை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. எனவே இப்போதைக்கு வகுப்பாசிரியரே செய்ய வேண்டும். அதற்கு அவர் ஓவியராக இருக்க வேண்டியதில்லை. “கண்மணி எப்படி இருக்கிறது, மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வா” என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். திருப்பத்தூர் மாவட்டக் கல்வி நிர்வாகம் ஆம்பூர் வட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் மாதம் ஒரு அறிவியல் வகுப்பை விலங்கைப் பார்த்து வரையும் வகுப்பாக மாற்றிப் பார்க்கலாம். ஷூ கம்பெனிகள் மிஞ்சும் தோல் துண்டுகளைப் பள்ளிக்குக் கொடுத்து, அனுபவமுள்ள தொழிலாளி ஒருவரைச் சம்பளத்தோடு ஒரு மணி நேரம் வகுப்புக்கு அனுப்பலாம். தன் அப்பாவோ அம்மாவோ ஆசிரியராக வந்து நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்தத் தொழிலின்மேல் மதிப்பும் கூடும். அரசுப் பள்ளிகளின் கலைத்திருவிழாவில் நேரில் பார்த்து வரைவதற்கென்று ஒரு போட்டி சேர்க்கலாம். இவை உடனே செய்யக்கூடியவை. நிலையான தீர்வு ஒன்றே: ஓவிய ஆசிரியர் பணியைப் பகுதிநேரச் சலுகையாக நடத்துவதை அரசு கைவிட்டு, தொடக்கப் பள்ளிகளுக்கும் அதை விரிவுபடுத்த வேண்டும். எழுத்தையும் எண்ணையும் போலவே பார்வையும் பயிற்சியால் வருவது. அதற்குப் பயிற்சி தர வேண்டிய இடம் பள்ளிக்கூடம்தான்.